தரங்கம்பாடி: மெழுகும் வார்ப்பும்

தரங்கம்பாடியைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் சீகன்பால்கு வந்தார், பின்னாலேயே அச்சு வந்தது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆண்டுகள் எல்லாம் சரிதான். ஆனா யார் வந்தாங்க, யார் போனாங்க என்பது மட்டுமா ஒரு ஊரோட வரலாறு? இங்கேயே இருந்தவங்க என்ன சொன்னாங்க?

சொல்லாமல் இல்லை. தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் ஏட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அரசன் வாக்கு, அதுவும் பொன்னில். விடுவார்களா?

சாதாரண மனிதர்களின் கடிதங்களுக்கு அந்த யோகம் இல்லை. சீகன்பால்குவும் க்ரூண்ட்லரும் கேட்ட கேள்விகளுக்கு 1712 முதல் 1714 வரை தமிழர்கள் 99 கடிதங்களில் பதில் எழுதினார்கள். சாமி, சடங்கு, கல்யாணம், வைத்தியம் என்று எல்லாம் அதில் வருகிறது. மாட்டிறைச்சியும் குடியுமாக இருக்கும் ஐரோப்பியர்களை முகத்துக்கு நேரே கண்டிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் நாம் படிப்பது ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மொழிபெயர்ப்பைத்தான். மொழிபெயர்த்தவர்களின் மறுப்புகளும் குறிப்புகளாக அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எங்க ஊர் சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில்தான் முதலில் சிலை செய்வார். மேலே காவிரி வண்டலைப் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகம் இறங்கும். அப்புறம் உளி வேலை. இந்தக் கடிதங்களின் கதையும் அதேதான். தமிழ் மெழுகு போய்விட்டது, ஜெர்மன் வார்ப்பு நிற்கிறது, குறிப்புகள் உளி.

இதற்காக இவற்றை ஊரின் ஒட்டுமொத்தக் குரல் என்று கொண்டாடவும் முடியாது. துபாஷி அழகப்பனின் கை பல கடிதங்களில் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுதத் தெரிந்த ஆண்களின் பேச்சு இது; கரையில் மீன் விற்ற பெண்ணின் சொல் இதில் இல்லை. கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர்களும் பாதிரிமார்களே.

இருந்தாலும், மெழுகில் பதிந்த விரல் ரேகை சில சமயம் வார்ப்பிலும் தங்கிவிடும். கோட்டையைப் படம் பிடித்துப் போடும் கட்டுரைகள் நமக்குப் போதும். தரங்கம்பாடியைப் பற்றி இனி எழுதுகிறவர் அந்த ரேகையைத் தேடுவதிலிருந்து தொடங்கட்டும்.