மார்கோ எதற்காக வந்தான்?

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் சித்தப்பா பையன். ஸ்டூடண்ட் விசாவில் வெளிநாடு போனவன், விசா முடியப்போகிற நேரத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பந்தியில் பக்கத்து இலை மாமாவிடம் குனிந்து, “எல்லாம் சிட்டிசன்ஷிப்புக்காகத்தானே மாமா?” என்று கேட்டேன். மாமா சிரித்தார். நிமிர்ந்தால், பந்தி விசாரித்துக்கொண்டு வந்த சித்தி பின்னால் நிற்கிறார். அவர் ஒண்ணும் சொல்லல. “அப்பளம் வைக்கச் சொல்லட்டுமா?”ன்னு மட்டும் கேட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஆர்தர் மில்லரின் ‘எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்’ நாடகத்தை மறுபடி படித்தேன். என் குரல் அதில் இருந்தது. எடி கார்போனின் வாயில்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நியூயார்க்கின் புரூக்ளினில் ரெட் ஹூக் என்ற துறைமுகப் பகுதி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி எடி. மனைவி பியாட்ரிஸ். செத்துப்போன சகோதரியின் மகள் கேத்தரினை இவர்கள்தான் வளர்க்கிறார்கள். பியாட்ரிஸின் உறவினர்களான மார்கோ, ரொடால்ஃபோ என்ற அண்ணன் தம்பி இருவரும் இத்தாலியிலிருந்து சட்டவிரோதமாகக் கப்பலில் வந்து இவர்கள் வீட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள். ரொடால்ஃபோவும் கேத்தரினும் காதலிக்கிறார்கள். அந்தப் பெண்மேல் தனக்கே புரியாத ஒரு பிடிப்போடு இருக்கும் எடி, கடைசியில் குடியேற்றத் துறைக்குப் போன் போட்டு அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். மார்கோ அவனைக் கொல்கிறான்.

ஏன் ஒளிந்து வாழணும்? 1901 முதல் 1910 வரையான 10 ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1924 குடியேற்றச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. இத்தாலிக்கு ஒதுக்கிய இடம் வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கும் கீழே போனது. போருக்குப் பின் தெற்கு இத்தாலியில் வேலை இல்லை. ஆக, முந்தின தலைமுறை கப்பல் டிக்கெட் எடுத்து வந்த அதே ஊருக்கு, அடுத்த தலைமுறை திருட்டுத்தனமாக வர வேண்டியதாயிற்று. எடி வீட்டார் நல்லவர்கள் சட்டப்படி வந்தார்கள், மார்கோ கெட்டவன் சட்டத்தை மீறி வந்தான் என்பதல்ல விஷயம். யார் எப்போது கப்பல் ஏறினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்த நாடகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எடியையே சுற்றும். அதற்குக் காரணமும் உண்டு. 1952இல் மில்லரின் நண்பரும் இயக்குநருமான எலியா கசான், அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னார். 1956இல் மில்லரே அழைக்கப்பட்டபோது பெயர் சொல்ல மறுத்தார். நாடகம் முதலில் மேடையேறியது 1955இல். எனவே காட்டிக்கொடுப்பவனின் கதையாக இதைப் படிப்பது இயல்பு. ஆனால் இந்த வாசிப்பில், வந்தவர்கள் இருவரும் எடியின் வீழ்ச்சிக்கான வெறும் காரணங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். எனக்கு அவர்களைப் பற்றித்தான் பேசணும்.

நாடகம் முழுக்க விசாரணைக்கு உள்ளாவது ரொடால்ஃபோவின் நோக்கம். இவன் கேத்தரினைக் காதலிக்கிறானா, அமெரிக்கக் குடியுரிமையைக் காதலிக்கிறானா? எடி இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞர் அல்ஃபியரியிடமே போகிறான். ரொடால்ஃபோ பொன்னிற முடிக்காரன், பாடுவான், சமைப்பான், துணி தைப்பான். சம்பாதித்ததை நல்ல சட்டைக்கும் சினிமாவுக்கும் செலவழிப்பான். மோட்டார்சைக்கிள் வாங்கும் ஆசை வேறு. ‘பிழைக்க வந்த ஏழைக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்ற எரிச்சல் எடிக்கு. கொஞ்சம் யோசிச்சா நமக்கும்தான். வந்தவன் பசியோடு இருக்கும்வரை நாம் இரக்கப்படுகிறோம். அவன் ஆசைப்பட ஆரம்பித்ததும் சந்தேகப்படுகிறோம்.

கேத்தரினும் ஒருமுறை அவனைச் சோதிக்கிறாள்: கல்யாணம் பண்ணிக்கொண்டு இத்தாலியில் போய் வாழலாமா? அவன் மறுக்கிறான். பணக்கார நாட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போய் பட்டினி போடுவது குற்றம் என்கிறான். அமெரிக்கா ஒன்றும் அதிசய நாடில்லை, எங்கள் ஊரில் இல்லாதது வேலை மட்டும்தான் என்கிறான். எடியின் சந்தேகத்தை இந்த மறுப்பு நிரூபிக்கிறது என்று முதல் வாசிப்பில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. காதல் ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக் காட்டும் வசதி அவனுக்கு இல்லை. அவளோடு வாழ அவனுக்கு வேலை வேண்டும். வேலைக்கு அந்த நாடு வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்வது, ஏற்கெனவே ஊரில் இடம் கிடைத்தவர்கள் கேட்கும் கேள்வி.

மார்கோவை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவன் நோக்கம் கண்ணாடி மாதிரி. ஊரில் மனைவி, மூன்று குழந்தைகள். மூத்தவனுக்கு நெஞ்சில் நோய். சில வருஷம் உழைத்து, பணம் அனுப்பி, திரும்பிப் போய்விடணும். இங்கே வாரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டதுமே அவனுக்குக் கண் கலங்குகிறது. தேவையைத் தவிர எதுவும் கேட்காத மனுஷன். எடிக்கும் அவன்மேல் மரியாதை உண்டு.

கடைசியில் எடியைக் கொல்வது அவன்தான். குழந்தைகளுக்குச் சோறு போடுவதற்காக மட்டும் வந்தவன், சிறையைத் தேடிக்கொள்கிற கொலையை ஏன் செய்தான்?

கைதுக்குப் பிறகு அல்ஃபியரி அவனிடம் கணக்குச் சொல்கிறார்: வழக்கு முடிய சில வாரம் ஆகும், எடியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் ஜாமீன், அதுவரை வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்க்கலாம். ரொடால்ஃபோ கல்யாணத்தால் தப்பிப்பான். மார்கோ நாடு திரும்பியே ஆகணும். நோக்கம் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு ஒரு எதிர்காலம் வேண்டும். அந்தப் போன் மார்கோவிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். என் பிள்ளைகளைக் கொன்றுவிட்டான் என்று அவன் கத்துவது மிகைபோலத் தெரியும். மாதாமாதம் போய்க்கொண்டிருந்த பணமும் நோய்க்கு மருந்தும் நின்றுபோவதை அவன் வேறு எப்படிச் சொல்வான்? அப்பாவாக இனி எதுவும் செய்ய முடியாதவனிடம் மிச்சம் இருப்பது, ஊரிலிருந்து கொண்டுவந்த மானம் மட்டும். அதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை என்கிறார் அல்ஃபியரி. அவனால் அதை ஏற்க முடியவில்லை.

ரொடால்ஃபோவோ கடைசிக் காட்சியில் எடியிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான். அவன் கையை முத்தமிடப் போகிறான். தவறே செய்யாதவன் வளைந்துகொடுக்கிறான். முழுசாக அடைய முடியாததைப் பாதியோடு ஏற்றுக்கொள்வது பற்றி அல்ஃபியரி நாடகத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பேசுகிறார். அதைச் செய்ய முடிந்தது, பேராசைக்காரன் என்று எல்லோரும் சந்தேகப்பட்ட இந்தப் பையனால்தான். மோட்டார்சைக்கிளும் பாட்டும் காதலும் வேண்டுமென்றவனுக்கு ஒன்றை இழந்தால் இன்னொன்று இருக்கிறது. சோறு மட்டும் கேட்டவனுக்கு அது போனால் எல்லாமே போயிற்று. தேவையை மட்டும் சுமந்து வருகிறவனைத்தான் நமக்குப் பிடிக்கிறது. அப்படிப்பட்டவன்தான் முதலில் உடைகிறான்.

ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. எடி தன் கத்தியாலேயே குத்துப்பட்டு பியாட்ரிஸின் கைகளில் சாகிறான். அல்ஃபியரி வந்து எடிக்காகத் துக்கப்படுகிறார். திரை விழுகிறது. கடல் தாண்டி, அடுத்த மாதப் பணத்துக்குக் காத்திருக்கும் அந்த மனைவிக்கு இதை யார் எழுதுவார்கள்? மேடையில் ஒருவர்கூட அவளைப் பற்றிப் பேசுவதில்லை. இதை நாடகத்தின் குறை என்றுதான் முதலில் நினைத்தேன். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் இந்தக் கரைதானே தெரியும்? தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

சித்தியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பி எதற்காகக் கட்டிக்கொண்டான் என்பது எனக்குத் தெரியாது. அவனுக்கேகூட பிரித்துச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அதை நான் ஏன் கேட்டேன், அதுவும் பந்தியில், சிரித்துக்கொண்டே? எடியிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ரொடால்ஃபோவின் நோக்கத்தை நாடகம் முழுக்கத் துருவிய அந்த மனுஷன், தன் நோக்கம் என்னவென்று ஒரு தடவைகூடச் சொல்லாமலே செத்துப்போகிறான்.