நாணயத்தின் நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, உள்ளத்தில் இருக்க வேண்டிய நேர்மை. முன்னதைச் சேர்ப்பவருக்குப் பின்னதும் வேண்டுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினா.

பழங்காசு சேகரிப்போர் ஒரு காசின் மதிப்பை அதன் உலோகம், அருமை, தேய்வு ஆகியவற்றைக் கொண்டு கணிப்பர். இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. அது காசின் வரலாறு. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808 ஆம் ஆண்டில் அச்சிட்ட பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் அதில் இருந்தன. அவற்றின் ஒரு பக்கத்தில் மதிப்பு பாரசீக எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. நம் பாட்டன்மாரின் மடிக்கு வந்து சேர வேண்டிய அக்காசுகள் 1980களில் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டு, 'மூழ்கிய கப்பலின் காசு' என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தன. செம்புக்கு விலை சிறிதே. கதைக்கே விலை மிகுதி.

இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. கடல் கொண்டதை மனிதன் மீட்டான், அவ்வளவே. ஆனால் கடல் கொள்ளாமல் மனிதனே பறித்த காசுகளும் உண்டு. அவற்றின் கதையை யார் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பது வேறு வகை விசாரணைக்கு உரியது.

2014 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், மிடில்டவுன் என்னும் ஊரின் பழத்தோட்டம் ஒன்றில், உலோகம் கண்டறியும் கருவியோடு தேடிய ஆர்வலர் ஒருவருக்கு அரபு எழுத்துப் பொறித்த சிறு வெள்ளிக் காசு கிடைத்தது. அது ஏமன் நாட்டில் 1693 ஆம் ஆண்டில் அச்சிடப்பட்டதெனத் தெரிந்தது. அதனைப் போன்ற பதினேழாம் நூற்றாண்டு அரபுக் காசுகள் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், வட கரோலினா ஆகிய இடங்களிலும் கண்டறியப்பட்டன. ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளைக்காரனின் ஆட்கள் கொண்டுவந்தவை இவை என்னும் கருத்து எழுந்தது. 'கடற்கொள்ளையரின் காசு' என்று செய்தித்தாள்கள் கொண்டாடின.

யாரிடமிருந்து அள்ளப்பட்ட காசு அது?

மொகலாயப் பேரரசர் ஒளரங்கசீபின் கப்பலான 'கஞ்சே ஸவாயி' ஆண்டுதோறும் சூரத்திலிருந்து புனித மக்காவை நாடிச் செல்வோரைச் சுமந்து சென்றது. ஹிஜ்ரி 1106 ஆம் ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றிய ஹாஜிகளோடும், ஜித்தாவிலும் மொக்காவிலும் இந்தியச் சரக்கு விற்ற பணத்தோடும் அது திரும்பிக்கொண்டிருந்தது. 1695 செப்டம்பரில், சூரத்தை அடையச் சில நாட்களே இருக்கும்போது, எவரியின் 'ஃபேன்ஸி' என்னும் கப்பல் அதனை மறித்தது. சூரத்து வணிகர் அப்துல் கஃபூரின் 'ஃபத்ஹ் முஹம்மத்' அதற்கு முன்பே கொள்ளையிடப்பட்டிருந்தது.

வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருப்பதன்படி, கஞ்சே ஸவாயியில் எண்பது பீரங்கிகளும் நானூறு துப்பாக்கிகளும் ஐம்பத்திரண்டு லட்சம் ரூபாயும் இருந்தன. பீரங்கி ஒன்று வெடித்துச் சிதறிச் சொந்த வீரர்களையே கொன்றது. எதிரியின் குண்டு பாய்மரத்தைச் சாய்த்தது. கப்பல் தலைவன் இப்ராஹீம் கான் கீழ்த்தளத்துக்கு ஓடி ஒளிந்தான். கொள்ளை ஒரு வாரம் நீடித்தது. மானத்தைக் காத்துக்கொள்ளப் பெண்கள் சிலர் கடலில் குதித்தனர். சிலர் கத்தியால் தம்மை மாய்த்துக்கொண்டனர்.

இதனை ஒரு தரப்பாரின் புலம்பல் என ஒதுக்க இயலாது. அப்போது பம்பாயில் கம்பெனியின் ஆளுநராக இருந்த சர் ஜான் கேயர் எழுதிய கடிதமும் இதனையே உறுதி செய்கிறது. பேரரசருக்கு உறவான, ஹஜ்ஜிலிருந்து திரும்பிய முதிய பெண்மணி ஒருவர் கொடுமைக்குள்ளானதாகக் கேள்வியுற்றதை அவர் அதில் குறிப்பிடுகிறார்.

இந்த முதிய பெண்மணியை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் இலக்கியம் அவருக்குச் செய்தது, கொள்ளையர் செய்ததற்கு அடுத்த கொடுமையாகும்.

1709 ஆம் ஆண்டில் லண்டனில் எவரியின் வாழ்க்கை வரலாறு என்னும் பெயரில் ஒரு நூல் வெளிவந்தது. அதில், கப்பலில் மொகலாயப் பேரரசரின் பேத்தி இருந்தாள். எவரி அவளை மணந்தான். மடகாஸ்கரில் அரசாண்டான் என்று கற்பனை விரிகிறது. 1712 இல் சார்லஸ் ஜான்சன் என்பார் எழுதிய நாடகம் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடிக்கப்பெற்றது. அதிலும் கொள்ளைக்காரன் மடகாஸ்கரின் மன்னன். அண்மையில் 2016 இல் வெளிவந்து புகழ்பெற்ற காணொளி விளையாட்டு ஒன்றும் எவரியின் புதையலைத் தேடுவதாகவே அமைந்தது.

இம்மாற்றத்தின் நுட்பத்தை நோக்குக. முதிய ஹாஜியார் இளம் இளவரசியானார். வன்கொடுமை திருமணமானது. களவு புதையலானது. கள்வன் மன்னனானான். கற்பனைக்கு உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்பனை ஒருவரின் துயரை அழித்து மற்றொருவனுக்கு மணிமுடி சூட்டுமானால், அது கலையின் பெயரால் நிகழும் இரண்டாம் கொள்ளை. மூன்று நூற்றாண்டுகளாக வளர்ந்த இக்கதைதான் அச்சிறு வெள்ளிக் காசின் விலையை உயர்த்துகிறது. துயரம் முதலாகி, வீரக்கதை வட்டியாகிறது.

சட்டமும் இதற்குத் துணைபோயிற்று. 1696 அக்டோபரில் எவரியின் ஆட்கள் அறுவர் லண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். கஞ்சே ஸவாயியைக் கொள்ளையிட்டதாகத் தொடுத்த முதல் வழக்கில் நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. பின்னர், 'இரண்டாம் சார்லஸ்' என்னும் ஆங்கிலக் கப்பலைக் களவாடியதாக வழக்குத் தொடுத்த பிறகே தண்டனை கிடைத்தது. ஐவர் நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். எவரி கடைசிவரை அகப்படவேயில்லை.

அந்த ஐவருள் ஜான் ஸ்பார்க்ஸ் என்பவன் தூக்குமேடையில் சொன்னதாகப் பதிவாகியிருப்பது சிந்தனைக்குரியது. கப்பலைத் திருடியதற்காக அன்று, அம்மக்களுக்கு இழைத்த கொடுமைக்காகவே தனக்கு இம்மரணம் தகும் என்று அவன் ஒப்புக்கொண்டானாம். நடுவர் குழு காணாததை, நாடக ஆசிரியன் மறைத்ததை, கயிற்றின் கீழ் நின்ற கள்வன் கண்டான்.

இனி நம் பக்கத்தையும் நேர்மையோடு பார்ப்போம். காஃபி கான் கப்பல் தலைவனின் பெயரைச் சொல்கிறார். ரூபாயின் கணக்கைச் சொல்கிறார். உயிர்நீத்த பெண்களின் பெயர்களைச் சொல்லவில்லை. காசுக்குக் கணக்கு இருக்கிறது, கண்ணீருக்குப் பெயரில்லை. இக்குறையையும் நாம் குறையென்றே கூறவேண்டும்.

மற்றொரு நேர்மையும் தேவை. அக்காசில் கப்பலின் பெயர் இல்லை. அது 1695க்கு முந்தியது என்பதும், எவரியின் ஆட்கள் சிலர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்றனர் என்பதுமே சான்றுகள். செங்கடலில் கொள்ளையிட்டு 1694 இல் ரோட் தீவின் நியூபோர்ட்டுக்குத் திரும்பிய தாமஸ் ட்யூ போன்ற வேறு கொள்ளையரும் இருந்தனர். ஆதலால் 'இருக்கலாம்' என்னும் சொல்லை விழுங்கிவிட்டு 'இதுதான்' என்று விற்பது நாணயம் ஆகாது.

அப்படியாயின் இத்தகைய காசுகளைச் சேர்ப்பது தகாததா? நாம் அவ்வாறு சொல்ல வரவில்லை. அச்சிறு காசு இல்லையேல் அத்தோட்டத்துக்கும் அந்த ஹாஜிகளுக்கும் உள்ள தொடர்பு மண்ணுக்குள்ளேயே மறைந்திருக்கும். ஆனால் நம் மார்க்கச் சட்டத்தில் 'லுகதா' என்றொரு பகுதி உண்டு. கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேடவேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் உரியவரைத் தேடி வெள்ளியைக் கொடுக்க இயலாது. ஆனால் அறிவிக்கும் கடமை தீர்ந்துவிடவில்லை. 'இது இன்னாருடையது' என்று சொல்வதே அந்த அறிவிப்பு. பொருள் சேகரிப்பவரின் உடைமையாக இருக்கலாம். நினைவு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

கப்பலில் ஹஜ் சென்ற காலத்தில் நம் முன்னோர் வீடுவீடாகச் சென்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுக்கக் கேட்டு, எல்லோரிடமும் கணக்குத் தீர்த்துவிட்டே பயணம் புறப்பட்டனர். கஞ்சே ஸவாயியில் சென்றவர்களும் இத்தகைய மக்களே. பிறருக்குத் தம் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனவர்களுக்கு, உலகம் இன்னும் ஒரு கணக்கைத் தீர்க்கவேண்டியிருக்கிறது. பொன்னும் வெள்ளியும் அதற்குத் தேவையில்லை. 'கொள்ளைக்காரனின் காசு' என்று எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு, 'ஹாஜிகளிடமிருந்து பறித்த காசாக இருக்கலாம்' என்று எழுதி வைத்தால் போதும். அன்றுதான் அந்த நாணயத்துக்கு நாணயம் வரும்.