மனப்பாடமான வானம்

ராபர்ட் எவன்ஸ் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்தவப் போதகராக இருந்தவர். வானியல் அவருக்குத் தொழிலல்ல. ஆரம்பத்தில் கையில் இருந்தது 10 அங்குலத் தொலைநோக்கி ஒன்றுதான். ஆனால் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தோற்றமும், அவற்றுக்கு முன்னால் தெரியும் நம் பால்வெளி விண்மீன்களின் இருப்பிடமும் அவருக்கு அத்துப்படி. கண்ணை வைத்துப் பார்த்த சில நொடிகளிலேயே, அங்கே இருக்கக் கூடாத ஒரு புள்ளி அவருக்கு உறுத்திவிடும். படத்தோடு ஒப்பிடுவதெல்லாம் அதற்கப்புறம்தான். இப்படி வெறும் கண்ணறிவால் 1981 முதல் சுமார் 40 சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, கண்டுபிடித்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது எண்ணிக்கையல்ல, அவர் முந்திக்கொண்ட வேகம். 1983 ஜூலையில், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 83 மண்டலத்தில் ஒரு வெடிப்பை, அது உச்ச ஒளியை எட்டுவதற்கு முன்பே பிடித்துவிட்டார். ஆய்வகங்கள் தங்கள் கருவிகளைத் திருப்ப அவகாசம் கிடைத்தது. அதன் நிறமாலையில் ஹைட்ரஜனைக் காணோம். மறு ஆண்டு அவரே கண்டுபிடித்த இன்னொன்றும் அதே சாயல். ஹைட்ரஜன் நிறைந்த வெளி அடுக்கை இழந்துவிட்ட பெருவிண்மீன்கள் மையம் சரிந்து வெடிக்கும் ‘ஒன்று-பி’ என்ற தனி வகையை வானியலாளர்கள் இனங்கண்டதில் இவ்விரண்டுக்கும் பெரும் பங்குண்டு.