சுரவரிசையும் ஒரு பொத்தானும்

நம் பங்கு ஆலயங்கள் பலவற்றில் ஆர்மோனியம் இருந்த இடத்தில் இன்று கீபோர்டு வீற்றிருக்கிறது. தாம்பரம் முதல் சிங்கப்பெருமாள் கோவில், செங்கற்பட்டு வரையுள்ள ஊர்களில் பிள்ளைகள் அதனை ஆர்வத்தோடு கற்கின்றனர். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், கல்வியின் முதற்படியாகிய சுரவரிசை எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்பதைச் சற்று ஆராய்தல் நன்று. ஏனெனில், ஞாயிறு திருப்பலியில் மக்கள் வாய்திறந்து பாடுவதும் பாடாதிருப்பதும் இதனோடு தொடர்புடையன.

பியானோவின் ஒரு ஸ்தாயியில் வெள்ளை 7, கறுப்பு 5, ஆக 12 கட்டைகள். ஒரு கட்டைச் சுருதியில் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால், 29-ஆம் மேளமாகிய சங்கராபரணம் கிடைக்கிறது. கையில் விரல்கள் ஐந்து. சுரங்களோ மேல் ஷட்ஜத்தோடு எட்டு. எனவே வலக்கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மூன்று சுரங்கள் சென்றதும், பெருவிரல் நடுவிரலுக்கு அடியில் புகுந்து மத்தியமத்தைப் பற்ற வேண்டும். நான்கு கட்டையில் தொடங்கினாலோ மத்தியமம் கறுப்புக் கட்டையில் விழும். ஆகவே பெருவிரல் ஒரு சுரம் தாமதித்து, மோதிர விரலுக்கு அடியில் நுழைய வேண்டும். வரிசை ஒன்றே, பாதை வேறு. இதனை உணர்வதே சுரவரிசைக் கல்வி.

1873-இல் பிரெஞ்சு ஆசிரியர் ஹானன் வெளியிட்ட 60 பயிற்சிகள் கொண்ட நூல் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. விரல்களுக்குச் சமவலிமை தருவதில் அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் முதற்பகுதியின் 20 பயிற்சிகளும் வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடுகின்றன. சுரவரிசைகளோ 39-ஆம் பயிற்சியில்தான் வருகின்றன. அவருக்கு முன்பே வாழ்ந்த ஷோபான், கறுப்புக் கட்டைகள் ஐந்தும் அமைந்த ஏழு கட்டை வரிசையை மாணவருக்கு முதலில் தந்தார். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமரும் என்பது அவர் கண்ட உண்மை. கண்ணுக்கு எளியது கைக்கு எளியதன்று.

இன்றைய கீபோர்டிலோ 'டிரான்ஸ்போஸ்' என்றொரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால், வெள்ளைக் கட்டைகளை விட்டகலாமலே எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். அவசரத்திற்கு உதவும் வசதிதான். ஆயினும் சுருதியை மாற்றும் அப்பொத்தான் செவியைப் பழக்குவதில்லை. குரு ஒரு வரியைத் தம் குரலுக்கேற்ற சுருதியில் எடுக்கிறார். மக்கள் அதனைத் தொடர்கின்றனர். அச்சுருதி எந்தக் கட்டை என்று அறிந்து உடனே இணைபவரே பாடலைத் தாங்குகிறார். அறியாதவரோ தம் கருவியின் சுருதிக்கு மக்களை இழுக்கிறார். தொண்டைக்கு எட்டாத பாடலில் மக்கள் மௌனமாகிவிடுகின்றனர். பாடகர் குழுக்களை வளர்க்கச் சொன்ன இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963-ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சட்டத்திரட்டில், இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஆற்ற வேண்டும் என்பதையும் உடன் வலியுறுத்தியது.

சுரவரிசை முதலில் குரலுக்குரியது. பதினோராம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி குயிதோ, திருமுழுக்கு யோவானைப் போற்றும் பாடலின் அடிகள் ஒவ்வொன்றும் ஒரு சுரம் உயர்ந்து தொடங்குவதைக் கொண்டே பாடகருக்குச் சுரங்களைப் பயிற்றுவித்தார். நம் கருநாடக இசையிலும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைக் குரலால் பாடியே மாணவர் தொடங்குகின்றனர். தஞ்சையின் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில் ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதிகளைக் கணக்கிட்டார். கீபோர்டு தருவதோ 12. சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை அதன் கட்டைகள் தாமே தர இயலா, குரல்தான் தரவேண்டும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். சுரவரிசையைத் தேர்வு மதிப்பெண்ணுக்கான விரல் ஓட்டமாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாசிக்கும்போதே பாடச் செய்யுங்கள். நன்கு தெரிந்த பாடல் ஒன்றைப் பொத்தானைத் தொடாமல் ஒன்று, இரண்டு, நான்கு கட்டைகளில் வாசிக்கப் பழக்குங்கள். மின்சாரம் நின்றுபோன ஆலயத்திலும், கருவி இல்லாத துக்க வீட்டிலும் பாடலைச் சரியான சுருதியில் எடுத்துக்கொடுக்க இப்பயிற்சியே துணை நிற்கும்.