சிவப்பு விளக்கு எரியாத இடம்

'பேக் இன் பிளாக்' பாட்டின் தொடக்கத்தில் ஹை-ஹேட் தாளம் எண்ணும்; அடக்கிப் பிடித்த தந்தி கூடவே சுரண்டும். பிறகு கிதாரில் ஈ, டி, ஏ என்று மூன்று கார்டுகள், நடுவே தாராளமான இடைவெளி விட்டு இறங்கும். அந்த இறக்கத்தின் முனையில் ஒரு கடிப்பு இருக்கிறதே, அதில் ஒரு பங்கு வயர்லெஸ் பெட்டியின் கைவண்ணம் என்பது பலருக்குத் தெரியாது.

1980இல் ஏசி/டிசி குழு இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தைப் பஹாமாஸின் காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. ஸ்டூடியோவில் ஓடவும் இடமில்லை, குதிக்கவும் இடமில்லை; சாதாரண ஒயரே போதும். ஆனாலும் குழுவின் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங், மேடையில் ஓடியாடப் பயன்படுத்திய ஷாஃபர்-வேகா வயர்லெஸை உள்ளேயும் கொண்டுபோனார். 1970களில் கென் ஷாஃபர் உருவாக்கிய கருவி அது. அதன் வழியே வரும் ஒலி ஆங்கஸுக்குப் பிடித்துப்போயிருந்தது.

காரணம் அளவில் இருக்கிறது. கிதாரின் முழு ஏற்ற இறக்கத்தையும் அன்றைய ரேடியோ அலை தாங்காது. அதனால் கிதார் பக்கத்து டிரான்ஸ்மிட்டர் ஒலியைச் சுருக்கி அனுப்பும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ரிசீவர் விரித்துக் கொடுக்கும். பட்டுப்புடவையை மடித்து வைத்து எடுத்தாலும் மடிப்புத் தடம் கொஞ்சம் நிற்குமே, அதுபோல ஒரு தடம் ஒலியிலும் நிற்கும். போதாக்குறைக்கு, கிதார் கொடுத்ததைவிடக் கூடுதலான அளவை ரிசீவரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தள்ளலாம். மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் சற்று முன்னதாகவே உறுமத் தொடங்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் டிரான்ஸ்மிட்டரில் உள்வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ்தான். பல பெட்டிகளில் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பும்படி ஒளிந்திருக்கும். சோதிக்கும்போது பலர் மரியாதையாக நாலு தட்டு தட்டிவிட்டு "சரியா இருக்கு" என்பார்கள். கச்சேரியின் கடைசிப் பாட்டில் கை எப்படி விழுமோ அப்படி அடித்துப் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சியதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தால் துளி குறைத்து மறுபடி அடிக்க வேண்டும். எரியாமல் நிற்கும் முதல் இடமே அளவு. 6 டெசிபல் என்றால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே துளி என்பது துளிதான். மிஞ்சினால் சுத்தமான கார்டின் தலையில் 'க்ரக்' என்று ஒரு நொறுங்கல் விழும். அதன் பின்னால் எந்தக் குமிழைத் திருப்பினாலும் போகாது. குறைந்தால் வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. கார்டு அடங்கும்போதுதான் வால் நுனியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலே வரும், ஒலியோடு சேர்ந்து மூச்சு வாங்கும். டிஸ்டார்ஷன் போட்டால் நொறுங்கல் மறைந்துகொள்ளும் என்பதால் சுத்த ஒலியில் கேட்பதே நியாயம்.

ரிசீவர் அளவு அடுத்த வேலை. ஒயரைச் செருகி ஒரு கார்டு, வயர்லெஸில் அதே கார்டு. இரண்டும் ஒரே உரப்பில் வரும்வரை திருப்ப வேண்டும். இதில் காது ஏமாற்றும். துளி உரக்க ஒலிப்பது எதுவோ அதையே 'நல்ல ஒலி' என்று தீர்ப்பு சொல்லிவிடும். ஆங்கஸ் இந்தச் சமநிலை விதியை மீறினார், அது அவருக்கு அழகாக அமைந்தது. எல்லோருக்கும் அமையாது.

உரப்பு சரியானாலும் நிறம் வேறாக இருக்கலாம். 6 மீட்டர் ஒயருக்குச் சுமார் 600 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. அது மேல்சுரங்களின் பளபளப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். வயர்லெஸில் அந்தத் தீனி இல்லை, ஒலி கூசும் அளவுக்குப் பளிச்சென்று வரும். அதனால் சில தயாரிப்பாளர்கள் 'கேபிள் டோன்' என்று ஒரு குமிழ் வைத்து, ஒயரின் மங்கலைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஒயரை விலக்கக் காசு கொடுத்து, ஒயரின் குறையையும் காசு கொடுத்தே வாங்குகிறோம்!

கிதார் மாறினால் கணக்கும் மாறும். ஹம்பக்கர் பிக்கப் உரத்துப் பேசும், ஒற்றைச் சுருள் பிக்கப் அடங்கிப் பேசும். மேடை ஓரத்தில் கிதாருக்கு ஒன்றாகத் தனித்தனி டிரான்ஸ்மிட்டர் தொங்கி, ஒவ்வொரு கெயின் குமிழின் மேலும் கை தவறிப் பட்டுவிடாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால், அங்கே வேலை தெரிந்த ஆள் இருக்கிறார் என்று நம்பி உட்காரலாம்.