கழுத்தில் இருக்கிறது ஆட்டம்

பொங்கல் வாரத்தில் எருதாட்டத்தையும் கபடியையும் பற்றி எழுதுவது இந்தப் பத்தியின் வழக்கம். இந்த முறை மனம் வேறோர் ஆட்டத்துக்குப் போய்விட்டது.

1991இல் தூர்தர்ஷனில் ‘போட்லி பாபா கி’ வந்தது. பொம்மைகள் நடித்த தொடர். முகப்புப் பாட்டு குல்சார் எழுதியது. பென்னாகரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் விடுமுறை நாளில் டிவி இருந்த வீட்டில் திண்ணை வரை பிள்ளைகள்தான். ஒருத்தன் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு “இப்பத் தெரியுதாடா?” என்று கத்துவான். வசனம் புரியாமலே கதை புரிந்தது. பொம்மை தலையைத் திருப்புமுன் ஒரு கணம் நிற்கும். அந்த நிற்றலில்தான் அது யோசிக்கிறது என்று நம்பினோம்.

அந்த ஒரு கணத்துக்கு எவ்வளவு உடம்பு வேண்டும் என்பது, சேலம், தருமபுரிப் பக்கத்துப் பொம்மலாட்டம் ஒன்றைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது.

கல்யாண முருங்கையில் செதுக்கிய பொம்மை. நாலரை அடி உயரம், பத்துக் கிலோ வரை எடை. அதன் நூல்கள், ஆட்டுபவர் கிரீடம்போல் தலையில் மாட்டியிருக்கும் இரும்பு வளையத்தில் முடிகின்றன. கைகளை அசைக்கத்தான் கம்பி. பொம்மை நடக்க அவர் நடக்க வேண்டும். அது குனிய அவர் தலை தாழ வேண்டும். கழுத்து அரை நொடி முந்தினால் பொம்மை அந்தரத்தில் ஊசலாடும். ரெய்டு போகும் கபடி வீரர் முன்னே சாய்ந்தாலும் எடையைப் பின்காலில் வைத்திருப்பார் அல்லவா, அதே நிலை. ஆனால் இங்கே ரெய்டு முப்பது நொடியில் முடிவதில்லை.

அன்றைக்கு அரிச்சந்திரன் கதை. சந்திரமதி, மாண்டு கிடக்கும் மகன் லோகிதாசனை அள்ளி எடுக்கும் இடம். ஆட்டியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முதலில் முழங்காலை மடக்கினார், பிறகு கழுத்தைத் தாழ்த்தினார், கம்பியைக் கடைசியில்தான் நகர்த்தினார். அவசரப்பட்டுக் கை முந்தியிருந்தால் அது பொருளை எடுப்பதுபோல் ஆகியிருக்கும். இந்த வரிசையால் அது தாயானது. திரைக்கு முன்னால் விசும்பல் கேட்டது. அவர் கால் மட்டும் மிருதங்கத்தின் தாளத்தை விடவில்லை.

பொம்மலாட்டத்தை டிவியில் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கேமராவைப் பொம்மையின் முகத்துக்கு அருகே கொண்டுபோய்விடுகிறார்கள். மரத்தில் செதுக்கிய முகம் மாறாது. மாறுவது சாய்வும் எடையும்தான். முழு உருவமும் சட்டத்துக்குள் இருக்கட்டும். இன்னொரு கேமரா திரைக்குப் பின்னாலும் நிற்கட்டும். ஒரு பொங்கலுக்காவது அப்படி ஒளிபரப்பினால், என் வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைப்பேன்.

ஆட்டம் முடிந்து வளையத்தைக் கழற்றியபோது அவர் நெற்றியைச் சுற்றிச் சிவந்த தடம். தண்ணீர் கேட்டார். செம்பைக் கொண்டுவந்து கொடுத்த பையன் அங்கேயே நின்று, சந்திரமதியின் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தான்.