தலை தந்தோரும் பரணி கொண்டோரும்

கலிங்கத்துப்பரணியின் சொல்லழகைப் போற்றும் நாம், அது காட்டும் காளி கோயிலையும் கூர்ந்து காணக் கடமைப்பட்டுள்ளோம். அங்கே வீரர் தம் தலையைத் தாமே அரிந்து தேவிக்கு அளிக்கின்றனர். கவிஞர் செயங்கொண்டாரின் கற்பனை என்று கடந்துவிடலாமா? தமிழ்நாட்டு நவகண்டச் சிற்பங்கள் அதே காட்சியைக் கல்லில் காட்டுகின்றனவே!

நம் காஞ்சியில் முதற் குலோத்துங்கன் வீற்றிருந்தபோதுதான் கலிங்கப் போருக்கு ஆணை பிறந்தது என்கிறது பரணி. படை நடத்திய கருணாகரத் தொண்டைமான் பெயர் நிலைத்தது. காளிக்குத் தலை தந்தவனுக்கோ பெயரே இல்லை!

வேந்தனுக்காக உயிரை ஈடுவைத்த வேளைக்காரரே அந்நாளின் சிறப்புப் படையினர். 'இராசராசத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்று படையின் பெயரும் மன்னன் பெயரே. ஆயினும், இலங்கையில் முதலாம் விசயபாகு சோழர்மீது செல்லப் பணித்தபோது, வேளைக்காரர் மறுத்துக் கிளர்ந்தனர் என்கிறது சூளவம்சம். சூளுரைத்த நெஞ்சிலும் வினா எழுந்ததன்றோ!

முடியாட்சி மறைந்தது. சின்னம் மறைந்ததா? இந்தியத் தரைப்படையின் வான்குடைச் சிறப்புப் படையினர் அணியும் சின்னத்தில், கீழ்நோக்கிய கத்தி, விரிந்த சிறகு, அடியில் தேவநாகரியில் 'பலிதான்' என்னும் சொல். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இச்சின்னம் தோன்றியபோது, கையுறையில் அது இருக்கலாமா என்றே நாடு வாதிட்டது. அச்சொல்லின் பொருளை ஆராய்ந்தோர் அரியர். அதே ஆண்டில்தான் முப்படைகளின் சிறப்பு வீரரையும் கூட்டிச் செயற்படுத்தத் தனிப் பிரிவும் அமைக்கப்பட்டது.

உயிரைப் பணயம் வைப்போரை நாம் இகழோம். ஆனால், பலி என்பது பலிபீடத்தின் சொல். பிணைக்கைதியை மீட்பதும், பகைவர் அரணுள் புகுந்து திரும்புவதும் அறிவும் பயிற்சியும் வேண்டும் தொழில். முடித்து மீள்வதே அதன் வெற்றி, மாள்வதன்று.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நள்ளிரவில் அதிரடிப் படையினரும் சீக்கிய இலகு காலாட்படையினரும் இறக்கப்பட்டனர். புலிகள் காத்திருந்தனர். இறங்கிய சீக்கிய வீரர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். அவர்களைப் 'பலி' என்று வணங்கிவிட்டால், அத்திட்டத்தை வகுத்தவர் யார் என்னும் வினா எழுமா? புகழ்மாலை பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடுமன்றோ!

காஞ்சித் தறியில் ஓர் இழை பிசகினாலும் நெசவாளி மறுமொழி சொல்லியாக வேண்டும். ஆளை அனுப்பியவரிடம் மட்டும் கணக்குக் கேட்பது குற்றமா? பரணி படிக்கும் இளைஞரே, வென்றவன் பெயரோடு நின்றுவிடாதீர். விழுந்தவன் எதற்காக விழுந்தான் என்றும் கேளுங்கள்!